சலனப் படத்தில் காலக் கணக்கு: வீடியோக்களின் பிரேம் வேகத்தை மாற்றும் முறை

மும்பை மாநகரில் தாதர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாதாசாகேப் பால்கே சாலை என்னும் வீதி ஒன்று இருக்கிறது. முன்னாளில் அதற்குத் தாதர் மெயின் ரோடு என்று பெயர். 1912ஆம் ஆண்டில் அவ்வீதியிலிருந்த 'மதுரா பவன்' என்னும் வீட்டில் துண்டிராஜ் கோவிந்த பால்கே தம் குடும்பத்துடன் வசித்து வந்தார். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படம் என்று போற்றப்படும் 'ராஜா ஹரிச்சந்திரா' தாதரிலேயே உருவாயிற்று. பிலிமின் ஓரங்களில் துளையிடும் வேலையும், அதைக் கழுவிப் பதப்படுத்தும் வேலையும் வீட்டிலேயே நடைபெற்றன. அவற்றில் பால்கேயின் மனைவியார் சரஸ்வதி பாய்க்குப் பெரும் பங்கு உண்டு. லண்டனிலிருந்து பால்கே வாங்கி வந்த வில்லியம்சன் கேமராவை இயக்கியவர் திரியம்பக் தெலங் ஆவார். அக்கேமராவில் மோட்டார் இல்லை. பக்கவாட்டில் பொருத்தப்பட்ட கைப்பிடியை ஒருவர் சுழற்றினால் பிலிம் நகரும். கை நின்றால் பிலிமும் நிற்கும்.

ஆகவே, ஒரு வினாடியில் எத்தனை படங்கள் பதிவாயின என்பதை நிர்ணயித்தது கேமராவைச் சுழற்றிய மனிதரின் கையே. பிலிம் தொழிலில் 'பிரேம்' என்று வழங்கும் தனிப்படங்கள் வரிசையாகச் சுருளில் நிற்கின்றன. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்தது என்பது மட்டும் பிலிமில் எங்கும் எழுதப்படவில்லை. அக்காலத்தை மறந்துவிட்டு, பழைய படத்தை இன்றைய வேகத்தில் ஓட்டினால் அரசனும் அரசியும் பொம்மைகளைப் போல் துள்ளி ஓடுகின்றனர். துயரக் காட்சியிலும் காண்போர் சிரிக்கின்றனர். குற்றம் நடித்தவர்களுடையதன்று, கணக்கில் நேர்ந்த பிழையே அது.

இதே பிழை பள்ளி ஆய்வுக்கூடத்திலும் வயல்வெளியிலும் நேரக்கூடும். கைப்பேசியில் சோதனைகளைப் பதிவு செய்யும் ஆசிரியர்களும், பயிர்களையும் பூச்சிகளையும் நீர்நிலைகளையும் படம் பிடிக்கும் களப்பணியாளர்களும் இன்று பலர். அவர்கள் எடுக்கும் வீடியோக்கள் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் செல்லும்போது பிரேம் வேகம் மாறுகிறது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதில் எது காக்கப்படுகிறது, எது இழக்கப்படுகிறது என்பதை அறிந்திருப்பது அவசியமாகும்.

பட்டாணிச் செடியின் பாடம்

கதைப் படம் எடுக்கப் பொருளுதவி தேடிய பால்கே, அதற்கு முன்னோடியாக ஒரு சிறு படத்தைத் தயாரித்தார். தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கேமராவை நிறுத்தி, விதை முளைத்துக் கொடியாக வளர்வதை ஒரு மாதத்துக்கு மேல் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். திரையில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காலமே ஓடியது. பணம் தருபவர்களுக்குச் சலனப் படத்தின் ஆற்றலை விளக்கவே அது எடுக்கப்பட்டதெனினும், ஒரு விஞ்ஞானப் பாடமாகவும் அதைக் கொள்ளலாம்.

அதன் உட்பொருளை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். ஒரு செடியை 30 நாட்கள், 45 நிமிடங்களுக்கு ஒரு பிரேம் வீதம் படம் பிடிப்பதாகக் கொள்க. நாள் ஒன்றுக்கு 32 பிரேம்கள். மொத்தம் 960 பிரேம்கள். இவற்றை வினாடிக்கு 16 பிரேம் வீதம் ஓட்டினால் படம் சரியாக 60 வினாடிகள் ஓடும். அப்போது திரையில் கழியும் ஒவ்வொரு வினாடியும் செடியின் வாழ்வில் 12 மணி நேரமாகும். அதே 960 பிரேம்களை வினாடிக்கு 25 வீதம் ஓட்டினால் படம் 38.4 வினாடிகளில் முடிந்துவிடும். திரையின் ஒரு வினாடி செடியின் 18 மணி 45 நிமிடங்களாகிவிடும். படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவுமில்லை. காலத்தின் அளவுகோல் மட்டும் மாறியது.

எடுக்கும் வேகம் ஒன்று, காட்டும் வேகம் மற்றொன்று. இவ்விரண்டின் விகிதமே திரையில் காணும் காலத்தை நிர்ணயிக்கிறது. இரண்டும் சமமாயின் இயற்கையான அசைவைக் காணலாம். எடுக்கும் வேகம் குறைவாயின் அசைவு விரைவாகத் தோன்றும். மிகுதியாயின் மெதுவாகத் தோன்றும். பிரேம் வேகத்தைப் பற்றிய மற்ற செய்திகள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அடியும் வினாடியும்

மௌனப் பட காலத்தில் கேமராவின் கைப்பிடியை வினாடிக்கு இரண்டு சுற்று சுழற்றுவது பொது வழக்கு. சுற்றுக்கு எட்டுப் பிரேம்கள் நகரும்; ஆகவே வினாடிக்கு 16 பிரேம்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 பிரேம்கள் அடங்கும். எனவே இந்த வேகத்தில் ஓர் அடி பிலிம் ஒரு வினாடிக்குச் சமம். கணக்கிடுவோருக்கு இது பெரும் வசதியாயிருந்தது. ஆயினும் சுழற்றுபவரின் கை, காட்சியின் தன்மை, வெளிச்சத்தின் அளவு ஆகியவற்றுக்கேற்ப வேகம் கூடியும் குறைந்தும் வந்தது.

1913 மே 3ஆம் தேதி பம்பாய் கிர்காமிலுள்ள கொரனேஷன் திரையரங்கில் வெளியான 'ராஜா ஹரிச்சந்திரா'வின் நீளம் 3,700 அடி. அதாவது 59,200 பிரேம்கள். வினாடிக்கு 16 வீதம் ஓட்டினால் படம் 61 நிமிடம் 40 வினாடிகள் ஓடும். பேசும் படத்தின் வேகமாகிய 24 வீதம் ஓட்டினால் சுமார் 41 நிமிடங்களே ஓடும். தொலைக்காட்சி வேகமாகிய 25 வீதம் எனில் சுமார் 39 நிமிடம் 28 வினாடிகள். ஒரே படத்துக்கு மூன்று நேரங்கள். 'இப்படம் எத்தனை நிமிடம் ஓடும்?' என்று வினவுவோர் முதலில் 'எந்த வேகத்தில்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வினாடிக்கு 16 படங்கள் கண்ணுக்குப் போதுமா என்னும் ஐயம் எழலாம். அசைவை உணர்வதற்கு அது போதும். ஆனால் ஒளி விட்டு விட்டுத் தோன்றுவதால் திரை துடிப்பது போலிருக்கும். இதைத் தவிர்க்கப் படம் காட்டும் கருவியின் ஷட்டரில் மூன்று தகடுகள் அமைத்தனர். ஒவ்வொரு பிரேமும் மும்முறை திரையில் ஒளிர்ந்தது. வினாடிக்கு 48 ஒளிவீச்சுகள் கிடைத்தன. பின்னர் 24 பிரேம் வேகம் வந்தபோது இரண்டு தகடுகளாலேயே அதே 48 கிடைத்தது. ஒரே பிரேமைத் திரும்பக் காட்டுவது காலத்தை மாற்றுவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். இக்கருத்து பின்னர்ப் பயன்படும்.

வேகங்கள் பலவானது எவ்வாறு?

1920களின் பிற்பகுதியில் ஒலி வந்து சேர்ந்தது. பிலிமின் வேகம் சற்று மாறினாலும் பாட்டின் சுருதி மாறிவிடும். கையின் போக்குக்கு விட்டுவைக்க இயலாத நிலையில், வினாடிக்கு 24 பிரேம்கள் என்னும் வேகம் நிலைபெற்றது. 1931 மார்ச் 14இல் பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியான 'ஆலம் ஆரா'வும், அவ்வாண்டு அக்டோபர் 31இல் சென்னையில் வெளியான 'காளிதா'ஸும் பம்பாயில் எடுக்கப்பட்ட பேசும் படங்களே. தாதரில் 1929இல் தொடங்கப்பட்ட ரஞ்சித் நிறுவனமும் மௌனப் படத்திலிருந்து விரைவில் பேசும் படத்துக்கு மாறியது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. ஒரு நாட்டின் மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறதோ அதனுடன் தொலைக்காட்சியின் வேகத்தையும் இசைவித்தனர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மின்னலைவு 50. அதில் பாதியாகிய 25 பிரேம்கள் அங்கு நிலைபெற்றன. அமெரிக்காவில் மின்னலைவு 60; அங்கு 30 பிரேம்கள். 1953இல் அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்புக்கு நியமம் வகுத்தபோது, ஒலியும் வண்ணமும் ஒன்றையொன்று குலைக்காதிருக்கும் பொருட்டு 30 என்பதைச் சிறிது குறைத்து, 30,000ஐ 1,001ஆல் வகுத்துக் கிடைக்கும் 29.97 என்று வைத்தனர். இந்தியாவில் 1959 செப்டம்பர் 15இல் தில்லியிலும், 1972 அக்டோபர் 2இல் பம்பாயிலும், 1975 ஆகஸ்டு 15இல் சென்னையிலும் தொடங்கிய தொலைக்காட்சி 25 பிரேம் வேகத்தைப் பின்பற்றியது.

இன்று கைப்பேசிகள் பெரும்பாலும் 30 அல்லது 60 பிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. மெதுவாகக் காட்டும் முறையில் 120, 240 ஆகிய வேகங்களும் உண்டு. மேலும், வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு. ஒரே கோப்பில் பிரேம் இடைவெளிகள் சீராக இல்லாமற்போகின்றன. அன்று தாதரில் மனிதரின் கை செய்ததை இன்று கைப்பேசியின் உள்ளமைப்பு செய்கிறது எனலாம்.

மூவகை மாற்றம்

ஒரு வேகத்திலுள்ள படத்தை வேறொரு வேகத்துக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழியில் பிரேம்கள் அனைத்தும் அப்படியே இருக்கும். அவற்றைக் காட்டும் வேகம் மட்டும் மாறும். 24 பிரேம் திரைப்படத்தை 25 பிரேம் தொலைக்காட்சியில் காட்ட நெடுங்காலம் கையாளப்பட்ட முறை இதுவே. இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடம் 12 வினாடிகளில் முடிந்துவிடும். அசைவும் ஒலியும் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாக விரைவுபடும். சாதாரணமாகப் பார்ப்போர் இதை உணர்வதில்லை. ஆயினும் காலம் மாறிவிட்டது என்பது உண்மை.

இரண்டாம் வழியில் காலம் காக்கப்படும். பிரேம்களின் எண்ணிக்கை மாறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமாயின் சில பிரேம்கள் இருமுறை வைக்கப்படும். குறைக்க வேண்டுமாயின் சில நீக்கப்படும். 16ஐ 24 ஆக்க, இரண்டு பிரேம்களில் ஒன்று இருமுறை வரும். 30ஐ 25 ஆக்க, ஆறு பிரேம்களில் ஒன்று மறையும். படத்தின் மொத்த நேரம் மாறாது. ஆனால் அசைவில் ஆங்காங்கே சிறு தடங்கலோ தாவலோ தோன்றும்.

மூன்றாம் வழி அண்மைக் காலத்தது. இரு பிரேம்களுக்கிடையே ஒவ்வொரு பொருளும் எத்திசையில், எவ்வளவு நகர்ந்தது என்று கணினி மதிப்பிட்டு, இடைப்பட்ட பிரேமைத் தானே வரைந்துகொள்ளும். காலமும் காக்கப்படும், அசைவும் வழுவழுப்பாக இருக்கும். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரின்போது எடுக்கப்பட்ட பிலிம்களைக் கொண்டு பீட்டர் ஜாக்சன் 2018இல் உருவாக்கிய 'தே ஷால் நாட் குரோ ஓல்டு' என்னும் படத்தில் இவ்வகை முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு துண்டும் எந்த வேகத்தில் சுழற்றப்பட்டது என்பதை முதலில் மதிப்பிட்டு, பிறகு அவற்றை 24 பிரேம் வேகத்துக்குக் கொண்டுவந்தனர். அதுவரை பொம்மைகளைப் போல் துள்ளிய போர்வீரர்கள் மனிதர்களைப் போல் நடந்தனர். ஆயினும் இடையே வரையப்பட்ட பிரேம்கள் எந்தக் கேமராவும் கண்டவையல்ல. காட்சிக்கு அவை உதவும், அளவீட்டுக்குச் சான்றாகா.

கட்டளை வரிக் கருவி

இம்மூவகை மாற்றங்களையும் செய்யவல்ல இலவச மென்பொருள் ஒன்று உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. அதன் பெயர் எஃப்எஃப்எம்பெக். பிரான்சு நாட்டின் ஃபாப்ரிஸ் பெல்லார் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பெயரின் முதலிரு எழுத்துகள் 'விரைந்து முன்னோட்டுதல்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாகும். இதில் பொத்தான்களோ சித்திரங்களோ இல்லை. கணினியின் கட்டளை வரியில் ஒரே வரியாக ஆணையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் இது கடினமாகத் தோன்றினும், செய்த வேலை இன்னதென்று ஒரு வரியில் எழுதிவைக்க முடிவதால் விஞ்ஞானப் பணிக்கு இது மிகவும் உகந்தது. அந்த வரியைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டால், வேறோர் ஊரில் வேறொருவர் அதே வேலையை அவ்வாறே செய்து சரிபார்க்கலாம்.

ஆணை எழுதுவதற்கு முன் கோப்பை ஆராய வேண்டும். எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் எஃப்எஃப்புரோப் என்னும் துணைக்கருவி, கோப்பின் அடிப்படைப் பிரேம் வேகம், சராசரிப் பிரேம் வேகம் என இரு எண்களைத் தெரிவிக்கும். இரண்டும் ஒத்திருந்தால் பிரேம் இடைவெளிகள் சீரானவை என்று பொதுவாகக் கொள்ளலாம். வேறுபட்டால் இடைவெளிகள் சீரற்றவையோ என்று ஐயுற வேண்டும்.

ஆணையில் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்துக்குப் பின் மூலக்கோப்பின் பெயர் வரும். வரியின் இறுதியில் புதிய கோப்பின் பெயர் வரும். பிரேம் வேகத்தைக் குறிக்கும் எழுத்து 'ஆர்' ஆகும். இவ்விரு எழுத்துகளுக்கும் முன்னே ஒரு சிறு கோடு இடப்படும். இங்குதான் கவனம் மிகவும் வேண்டும். 'ஆர்' என்பதை மூலக்கோப்பின் பெயருக்குப் பின், புதிய கோப்பின் பெயருக்கு முன் இட்டால், கருவி இரண்டாம் வழியைப் பின்பற்றும். பிரேம்களைத் திரும்ப வைத்தோ நீக்கியோ காலத்தைக் காக்கும். அதே எழுத்தை மூலக்கோப்புக்கு முன்னே இட்டால், கோப்பிலுள்ள காலக்குறிப்புகளைப் புறக்கணித்து, இனி இதுவே வேகம் என்று கருவி புதிய காலத்தை வகுத்துக்கொள்ளும்; அது முதல் வழியாகும். எழுத்து ஒன்றே, எண்ணும் ஒன்றே. இடம் மாறியதால் காலம் காக்கப்படுவதும் அழிக்கப்படுவதும் நேர்கின்றன.

குழப்பத்தைத் தவிர்க்க விரும்புவோர் 'வடிகட்டி' எனப்படும் உறுப்புகளைக் கையாளலாம். 'எஃப்பிஎஸ்' என்னும் வடிகட்டி பிரேம்களைக் கூட்டியோ குறைத்தோ காலத்தைக் காக்கும். 'செட்பிடிஎஸ்' என்னும் வடிகட்டி ஒவ்வொரு பிரேமின் காலக்குறிப்பையும் கொடுத்த எண்ணால் பெருக்கும். ஒலி இருப்பின் அதைத் தனியே 'ஏடெம்போ' என்னும் வடிகட்டியால் சுருதி மாறாமல் விரைவுபடுத்தலாம் அல்லது தாமதப்படுத்தலாம். இடைப்பிரேம்களை வரைவதற்கு 'எம்இன்டர்போலேட்' என்னும் வடிகட்டி உண்டு.

மௌனப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு பிரேமும் வீடியோவின் ஒரு பிரேமாகப் பெயர்க்கப்பட்டு, 25 பிரேம் வேகத்தில் கோப்பாக இருக்கிறது. அசல் வேகம் 16 என்று தெரியவந்தது. 25ஐ 16ஆல் வகுத்தால் 1.5625. செட்பிடிஎஸ் வடிகட்டியால் காலக்குறிப்புகளை 1.5625ஆல் பெருக்கினால் நடை இயற்கையாகும். அடுத்து எஃப்பிஎஸ் வடிகட்டிக்கு 25 என்று கொடுத்தால், ஒவ்வொரு 16 பிரேம்களிலும் 9 பிரேம்கள் திரும்ப வைக்கப்பட்டு, 25 பிரேம் கருவிகளில் ஓடத்தக்க கோப்பு கிடைக்கும். முதற்படி காலத்தைத் திருத்துகிறது. இரண்டாம் படி திருத்திய காலத்தைக் காத்து நிற்கிறது. மூன்று தகட்டு ஷட்டர் முன்னாளில் செய்த வேலையின் மறு உருவமே இது.

29.97 வேகக் கோப்புகளைக் கையாளும்போது அந்தத் தசம எண்ணை எழுதாமல், 30000/1001 என்று பின்னமாகவே எழுதுவது நலம். அதனை 30 என்றே கொண்டால் ஒரு மணி நேரப் பதிவில் சுமார் 3.6 வினாடி வேறுபாடு ஏற்படும். ஒலியும் உதட்டசைவும் பிரிந்துவிடும்.

வகுப்பறையில் விழும் கல்

கல் விழுவதை வீடியோவில் பதிவு செய்து, பிரேம் பிரேமாக நகர்த்தி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையைப் பள்ளிகளில் எளிதில் செய்யலாம். பின்னணியில் அளவுகோல் ஒன்றும் ஒரு கைப்பேசியும் போதுமானவை. 30 பிரேம் வேகத்தில், விழத் தொடங்கிய கணத்திலிருந்து 15 பிரேம் இடைவெளிகள் அரை வினாடியாகும். அதற்குள் கல் 1.225 மீட்டர் விழும். தூரத்தின் இருமடங்கைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.8 கிடைக்கும்.

இப்போது ஒருவர் அக்கோப்பை முதல் வழியில் 25 பிரேமாக மாற்றிக் கொடுத்துவிட்டதாகக் கொள்க. மாணவன் அதே 15 இடைவெளிகளை எண்ணுவான். ஆனால் கோப்பு கூறும் வேகப்படி அது 0.6 வினாடி. அவனுக்குக் கிடைக்கும் விடை சுமார் 6.8. அளவுகோலில் பிழையில்லை; எண்ணியதில் பிழையில்லை; சூத்திரத்திலும் பிழையில்லை. ஆயினும் விடை மூன்றில் ஒரு பங்களவு குறைந்துவிட்டது. மாணவன் தன் கவனக்குறைவையே நொந்துகொள்வான். ஆசிரியரும் அவ்வாறே எண்ணக்கூடும்.

இரண்டாம் வழியில் மாற்றியிருந்தால் மொத்தக் காலம் சரியாயிருக்கும். பிழை வேறிடத்தில் தோன்றும். விழும் கல் 30 பிரேம் வேகத்தில் அடுத்தடுத்த இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 0.5, 1.6, 2.7, 3.8, 4.9, 6.0, 7.1, 8.2 செ.மீ. எனச் சீராக உயர்ந்து செல்லும். ஆறாம் இடைவெளியின் முடிவிலுள்ள பிரேம் நீக்கப்பட்டால் 4.9க்கு அடுத்து 13.1 என்றும், அதற்கடுத்து 8.2 என்றும் தூரங்கள் வரும். கல் திடீரெனப் பாய்ந்து மீண்டும் தயங்கியது போன்ற தோற்றம் உண்டாகும். பிரேம் இருமுறை வைக்கப்பட்ட கோப்பிலோ கல் அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிடும். மூன்றாம் வழியில் மாற்றிய கோப்பில் இத்தகைய அறிகுறிகள் தென்படாமற்போகலாம். கணினியின் ஊகத்தை மாணவன் இயற்கையின் செயலென்று அளந்துகொண்டிருப்பான்.

இவற்றைத் தவிர்க்க ஓர் எளிய பாதுகாப்பு உண்டு. சுமார் 99 செ.மீ. நீளமுள்ள நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டால் அது ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 2 வினாடி எடுத்துக்கொள்ளும். சோதனைக்கு முன்னர் அதே கைப்பேசியில், அதே கோப்பிலேயே, அந்த ஊசலின் பத்து அலைவுகளைப் பதிவு செய்துகொள்ளலாம். 20 வினாடிகளுக்கு 30 பிரேம் வேகமாயின் 600 பிரேம்களும், 25 பிரேம் வேகமாயின் 500 பிரேம்களும் வரவேண்டும். கோப்பு எத்தனை கைகள் மாறி வந்தாலும் ஊசல் உடன் இருப்பதால், காலம் மாறியதா என்பதை அதனைக்கொண்டே சோதித்தறியலாம்.

களப்பணியில் கொள்ள வேண்டிய முறைகள்

வயலில் ஒரே இடத்திலிருந்து குறித்த இடைவெளியில் எடுத்த புகைப்படங்களைக் கோத்துப் படமாக்கும் களப்பணியாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புகைப்பட வரிசையை எஃப்எஃப்எம்பெக்குக்குக் கொடுக்கும்போது 'ஃபிரேம்ரேட்' என்னும் குறியால் வேகத்தைக் கூறாவிட்டால், கருவி தானாகவே 25 என்று கொள்ளும். முன்னர்க் கூறிய பட்டாணிச் செடியின் 960 படங்கள், எவரும் விரும்பாமலே 38.4 வினாடிப் படமாகிவிடும். 'ஒரு வினாடி அரை நாளுக்குச் சமம்' என்று விளக்கவுரையில் எழுதியிருந்தால் அது பொய்யாகும். ஆகவே எடுத்த இடைவெளியையும் காட்டும் வேகத்தையும் தலைப்புப் பலகையிலேயே எழுதிவிடுதல் நன்று.

மெதுவாகக் காட்டும் முறையில் எடுத்த வீடியோக்களுக்கும் இது பொருந்தும். 240 பிரேம் வேகத்தில் எடுத்துச் சில கைப்பேசிகள் 30 பிரேம் கோப்பாகச் சேமிக்கும். தேனீயின் சிறகடிப்பை அதிலிருந்து எண்ணுவோர், திரையில் கழிந்த காலத்தை எட்டால் வகுக்க மறந்தால் விடை எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இவற்றினின்று சில முறைகள் பெறப்படுகின்றன. மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்கலாகாது. மாற்றியது எப்போதும் வேறு பெயருடைய கோப்பாகவே இருக்க வேண்டும். அளவீடுகளை மூலக்கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். மாற்றிய கோப்பு காட்சிக்கு மட்டுமே உரியது. இயலுமிடத்து வினாடி முள்ளுள்ள கடிகாரமொன்று படத்தின் ஓரத்தில் தெரியுமாறு வைக்க வேண்டும். நாள், இடம், கருவி ஆகியவற்றுடன் எடுத்த பிரேம் வேகத்தையும், மாற்றியதாயின் கையாண்ட ஆணை வரியையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். செய்திக் குழுக்களின் வழியே கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பப்படும் வீடியோக்கள் சுருக்கப்பட்டே செல்வதால், அளவீட்டுக்குரிய கோப்பை அவ்வழியில் அனுப்பாதிருத்தல் நலம்.

புனேயில் 1964இல் நிறுவப்பட்ட இந்திய தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் 'ராஜா ஹரிச்சந்திரா'வின் முதற்சுருளும் இறுதிச் சுருளும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவை 1917இல் பால்கே மறுபடியும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்று கருதும் திரைப்பட வரலாற்றறிஞர்களும் உளர். எவ்வாறாயினும், அச்சுருள்களில் நடமாடும் மனிதர் எவ்வளவு வேகமாக நடந்தனர் என்பதைக் கூற இன்று எவரும் உயிரோடில்லை. நீர் விழும் விரைவு, துணி அசையும் போக்கு, மனிதர் அடியெடுத்து வைக்கும் இயல்பு ஆகியவற்றை உற்றுநோக்கியே வேகத்தை மதிப்பிட வேண்டியிருக்கிறது. படம் எடுத்த அன்றே ஒரு சிறு தாளில் ஓர் எண்ணைக் குறித்திருந்தால் இவ்வளவு உழைப்பும் வேண்டியிராது. அன்று அவ்வாறு குறிக்கும் வழக்கம் இல்லை. இன்று வயலிலும் வகுப்பறையிலும் படம் எடுப்போருக்கு அந்த எண்ணை எழுதிவைக்க அரை நிமிடம் போதும்.